வால் வீட்டில் நிறம் கைமாறிய வருஷம்

ஆடி மாசத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் விளக்கேற்றி, மாரியம்மன் படத்துக்கு வேப்பிலை செருகிக்கொண்டிருந்தபோது ஜிலேபியின் வீட்டிலிருந்து போன் வந்தது, தங்கள் நாய்க்கு ஏழு கறுப்புப் புள்ளிகள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் வைப்பதற்குள் பட்டனின் வீட்டிலிருந்து வந்தது, தங்கள் நாய்க்கு ஏழு புள்ளிகள் குறைவதாகச் சொன்னார்கள். ஜிலேபி மஞ்சள் நிற லேப்ரடார். பட்டன் வெள்ளை உடம்பு முழுக்கக் கறுப்புப் பொட்டு வைத்த டால்மேஷன். அன்று பகல் பூராவும் இரண்டும் எங்கள் பின்வாசலில் துரத்தினது ஓட, ஓடினது துரத்த, நாக்குத் தொங்க விளையாடிவிட்டு, ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருந்தன.

"எங்க பட்டனோட புள்ளிய யாருங்க எடுத்தாங்க?" என்று பட்டன் வீட்டுப் பெண் அழாத குறையாகக் கேட்டது.

"எடுக்கலீங்க, ஜிலேபிகிட்ட பத்திரமா இருக்குது. நாளைக்கு ரெண்டு பேரும் வருவாங்கல்ல, பாத்துக்கலாம்" என்றாள் என் மகள் கோகிலவாணி, பக்கத்து வீட்டுக்குப் போன கிண்ணத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

என் மகள் செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூருக்கு வடக்கே செல்வநாயகி நகரில், பெரிய பெரிய ஏசி மண்டபங்கள் வந்ததால் முகூர்த்தமே இல்லாமல் பூட்டிக்கிடந்த ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தை அவள் வாடகைக்கு எடுத்தாள். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவர்களும் காலையில் தங்கள் நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள், ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போவார்கள். வாசலில் 'வால் வீடு' என்று பலகை. மாடியில் நானும் அவளும் இருக்கிறோம். நான் எட்டாவது வரை படித்தவள், நாய்களுக்குச் சோறாக்குவதும் தண்ணீர்த் தொட்டி கழுவுவதும் எனக்கு. எந்த நாயை எந்த நாயோடு விடுவது என்று பார்ப்பது அவளுக்கு.

அது சாமானிய வேலை இல்லை. நாய் என்றால் நாயோடு விளையாடிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். சிலதுக்கு ஓட்டம்தான் விளையாட்டு, சிலதுக்கு மல்லுக்கட்டி உருண்டு புரண்டால்தான் விளையாட்டு, சிலது பக்கத்தில் ஒரு துணை படுத்திருந்தாலே போதும் என்று கண்ணை மூடிக்கொள்ளும். ஓடுகிறதைக் கொண்டுபோய் மல்லுக்கட்டுகிறதோடு விட்டால் அரை மணி நேரத்தில் ரத்தம்தான். அதனால் என் மகள் ஓட்டக்காரர்களைப் பின்வாசலிலும், மல்லுக்கட்டுகிறவர்களை மேடைக் கூடத்திலும், சும்மா இருக்கிறவர்களைப் பழைய சாப்பாட்டுக் கூடத்திலும் பிரித்து வைத்திருந்தாள். புதுசாக ஒன்று வந்தால் அதை முதலில் செவலையோடுதான் நடக்க விடுவாள்.

செவலை எங்கள் பெட்டை நாய். லாரி ஏறி ஒரு பின்னங்கால் போன தெருநாய், செங்கல் நிறம். அதற்கு யார்மேலும் கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. கோகிலா வந்த நாயை ஒரு கையிலும் செவலையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி மூன்று சுற்று வருவாள், பிறகு புதுசின் வால் எங்கே நிற்கிறது, முதுகு மயிர் படிந்திருக்கிறதா, முன்னங்காலை மடக்கிக் குனிந்து வா என்று கூப்பிடுகிறதா என்று ஒரு மணி நேரமாவது பேசாமல் உட்கார்ந்து பார்ப்பாள். என் மகள் சாமி கும்பிட்டுப் பார்த்ததைவிட நாயைப் பார்த்ததுதான் அதிகம், ஆனால் அவள் பார்க்கிறபோது அந்த முகத்தில் கும்பிடுகிறவளின் அமைதி இருக்கும்.

மறுநாள் பட்டனுக்கு மூன்று புள்ளிகள் திரும்பி வந்தன, கூடவே ஜிலேபியின் மஞ்சள் காது ஒன்றும் வந்தது. அதற்கடுத்த வாரம் மேடைக் கூடத்தில் மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் தொடங்கிவிட்டது, கறுப்பு பழுப்பாச்சு, பழுப்பு சாம்பலாச்சு. கால்நடை டாக்டர் வந்து தோலைச் சுரண்டிப் பார்த்து, பல்லைப் பார்த்து, எல்லாம் நல்ல ஆரோக்கியம் என்று சொல்லிவிட்டு, அந்தச் சாம்பல் நிறம் யாருடையது, எடுப்பாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு வீட்டில் ஷாம்பூ போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். போகவில்லை. ஒட்டின நிறம் ஒட்டினதுதான், இன்னொரு சிநேகிதத்தில் கைமாறினால் உண்டு. சும்மா சண்டை போடாமல் ஒரே கூடத்தில் இருந்தால் ஒட்டாது, அவற்றுக்குள் மனசு கலந்து விளையாடினால் மட்டும்தான் ஒட்டும் என்பதை ஆவணி பிறப்பதற்குள் ஊரே கண்டுபிடித்துவிட்டது.

அப்புறம் ஊர் அதற்கு ஏற்ற மாதிரி தன்னைத் திருத்திக்கொண்டது. நாய்க்கு லைசென்ஸ் போடுகிற அலுவலகத்தில் நிறம் என்கிற கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதினார்கள். வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிற சொந்த நாயை அடையாளம் தெரியாமல் விரட்டிவிட்ட சங்கடம் நாலைந்து வீட்டில் நடந்தபின், எல்லோரும் நிறத்தைப் பார்க்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எது ஓடிவருகிறதோ அதற்குச் சோறு வைக்கப் பழகினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் கேட்டில் நாயே வளர்க்காதவர்கள்கூடக் கூடி நின்று, இன்றைக்கு எதுக்கு எது வந்தது என்று பார்த்தார்கள், நிலக்கடலை வண்டிக்காரர் நேரம் மாற்றிக்கொண்டு அங்கே வந்தார். ஒரு மாசமாகியும் நிறம் மாறாத நாயின் வீட்டம்மாவிடம், புதுசாகக் கல்யாணமான மருமகளிடம் கேட்கிற அதே குரலில், "என்னங்க, உங்க பையனுக்கு இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லீங்களா?" என்று மற்ற பெண்கள் கேட்டார்கள். எதிர் அபார்ட்மெண்டில் இருபது வருஷம் குடித்தனம் செய்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகத் தங்கள் கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

"நிறம் வர ஆரம்பிச்சதும் உன் வேலை சுலபமாயிருச்சில்ல கண்ணு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதெப்படிம்மா? நிறம் சாயங்காலம்தான் தெரியும். காலையில பாத்து விடறது நாந்தானே" என்றாள். சொல்லிவிட்டுத் தன்பாட்டுக்குத் தரையைக் கழுவினாள். நான் அம்மனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

புரட்டாசியில் முத்துரத்தினம் ஐயா வந்தார். மில்லில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வானவர், மனைவி தவறி இரண்டு வருஷம். இஸ்திரி கலையாத சட்டை. கூடவே ராஜா, இரண்டு வயசு ராஜபாளையத்து நாய், பாலைக் காய்ச்சி ஊற்றின மாதிரி வெள்ளை. அப்பன், தாத்தன் எல்லாம் பதக்கம் வாங்கின வம்சம் என்று சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அந்த ஜாதிக்கு வெள்ளைதான் பெருமையாம், ஒரு திட்டு இருந்தாலும் போட்டியில் மதிப்புப் போய்விடுமாம்.

"நாப்பது நாள் குட்டியில வாங்குனதுங்க. காம்பவுண்டு சுவத்துக்குள்ளயே வளந்துட்டான். இன்னொரு நாய் மூஞ்சிய அவன் பாத்ததே இல்லீங்க" என்றார். "பால்காரரைக் கடிச்சுட்டான், அப்புறம் கூரியர் பையனைக் கடிச்சுட்டான். தெருவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. தீபாவளிக்குள்ள அவன் நாலு பேரோட பழகலைன்னா ஆனைமலைத் தோப்புல கொண்டுபோய்க் கட்டிப் போடணும். அங்க சங்கிலிதான். அவுத்துவிட ஆள் இல்லீங்க."

அந்த நாய் எங்கள் தூணோரம் நின்றுகொண்டு யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தது.

கோகிலா செவலையைக் கூட்டிவந்தாள். முத்துரத்தினம் ஐயா சட்டென்று குறுக்கே வந்தார். "அம்மிணி, தப்பா நினைக்காதீங்க. தெருநாய் எம்பட பையன் பக்கத்துல வேண்டாம். மார்கழியில போட்டி இருக்குது. வெள்ளைக்கு ஏதாச்சும் ஒட்டுனாலும் ஒரு நல்ல ஜாதி நாயோட வெள்ளையா ஒட்டட்டும்."

"செவலையோட நடக்காம இங்க யாரும் உள்ள போனதில்லீங்க ஐயா."

"இவன் போகட்டுமே."

என் மகள் முதல் தடவையாகத் தன் வழக்கத்தை விட்டுக்கொடுத்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றதால் விட்டுக்கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் மூன்று வாரம். ஓட்டக்காரர்களோடு வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்திப் பார்த்தாள், ஓடிவந்த ஜிலேபியைப் பார்த்து ராஜாவுக்கு முதுகு மயிர் முள்ளாக நின்றது. மல்லுக்கட்டுகிறவர்களைக் காட்டினாள், பல்லைக் காட்டினான். சாப்பாட்டுக் கூடத்தில் சும்மா இருக்கிறவர்கள் பக்கத்தில் வைத்தாள், மோந்து பார்க்க எழுந்துவந்த கிழட்டுப் பக் நாயைப் பார்த்து நடுங்கினான். பொழுதெல்லாம் மணமகள் அறையில் தனியாகப் படுத்துக்கிடந்தான், சாயங்காலம் வந்த வெள்ளையாகவே போனான். கேட்டில் நின்றவர்கள் அவன் வரும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், முத்துரத்தினம் ஐயா தலையை நிமிர்த்திக்கொண்டு காரில் ஏறுவார், ஆனால் கதவைச் சாத்தினபின் அவர் தலை குனிவது கண்ணாடி வழியாகத் தெரியும்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தபோதுதான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். எங்கள் பக்கம் பொருத்தம் பார்க்காமல் யாரும் யாரையும் சேர்த்து வைப்பதில்லை. என் பெரியவனுக்கு நானேதான் பஞ்சாங்கத்தை வைத்துப் பார்த்தேன், ஓசூரில் இன்றைக்கு வரைக்கும் நன்றாக இருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பார்க்கிறதை விளையாட்டுக்குப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ராஜாவின் சான்றிதழில் பிறந்த தேதி இருந்தது, பார்த்தால் திருவாதிரை. மேடைக் கூடத்து ரோஸிக்கும், அவள் ஜெர்மன் ஷெப்பர்ட், நல்ல ஜாதி, பிறந்த தேதி எழுதியிருந்தது, பார்த்தால் மூலம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் பஞ்சாங்கத்தில் ஒரு மிருகம் போட்டிருப்பார்கள், யானை, குதிரை, எலி என்று. திருவாதிரைக்கும் நாய், மூலத்துக்கும் நாய். இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்? அம்மனே விரல்விட்டுக் காட்டின மாதிரி எனக்குப் புல்லரித்துவிட்டது.

கோகிலா ஒரு நாயை ஊசிக்குக் கூட்டிப்போயிருந்தாள். நான் ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்து, ராஜா நெற்றியில் துளி விபூதி வைத்து, மணமகள் அறைக் கதவையும் மேடைக் கூடத்துக் கதவையும் திறந்துவிட்டேன். குறுகலான வழி. இரண்டும் முகத்துக்கு முகம் வந்து நின்றன. ரோஸி அசையாமல் நின்றாள், ராஜா அசையாமல் நின்றான், பொருத்தம் கூடிவிட்டது என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் ரோஸியின் காது ராஜாவின் வாயில் இருந்தது.

அந்தச் சத்தத்தை நான் மறக்கமாட்டேன். வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினேன், என் மேலேயே ஊற்றிக்கொண்டேன். நல்லவேளை, கோகிலா உள்ளே வந்தாள், ஜமுக்காளத்தை இரண்டின் மேலும் வீசிப்போட்டுப் பிரித்தாள். ரோஸியின் காதில் ஐந்து தையல் விழுந்தது. நான் ஈரச் சேலையோடு நின்று, திருவாதிரையையும் மூலத்தையும் சொல்லி அழுதேன்.

என் மகள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. "கதவுல நேருக்கு நேரா நின்னா நாய்க்குச் சண்டைன்னு அர்த்தம்மா. அவங்க அசையாம நின்னது கும்பிடறதுக்கில்ல" என்றாள். என் தலையைத் துவட்டிவிட்டாள். துவட்டிக்கொண்டே இருந்தவள் கை நின்றது. "அம்மா, அவன் கோவக்காரனே இல்லம்மா. பயந்தவன். கிட்ட வர்ற எல்லாரும் அடிக்கத்தான் வர்றாங்கன்னு நினைச்சுட்டு இருக்கான். நாந்தான் இத்தன நாளும் அவங்கிட்ட வர்றவங்களாவே பாத்துப் பாத்து விட்டிருக்கேன்."

ரோஸியின் வீட்டில் சும்மா இருப்பார்களா, ராஜா இங்கே இருந்தால் யாரும் நாயை அனுப்பமாட்டோம் என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டு சொல்லிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் முத்துரத்தினம் ஐயா வந்தார். கார்ப் பின்சீட்டில் புதுச் சங்கிலி ஒன்று சுருட்டி வைத்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

"உங்க மேல குத்தம் இல்லீங்க அம்மிணி. அவன் விதி. தோப்புக்குப் போறேன்."

"ஒரு மணி நேரம் குடுங்க ஐயா" என்றாள் கோகிலா. "செவலையோட. நீங்க இங்கயே சேர் போட்டு உக்காந்து பாருங்க."

"ஒட்டிக்கிச்சுன்னா?"

"ஒட்டுச்சுன்னா அவன் தோப்புக்குப் போக வேண்டாமுங்க."

"மூணு தலைமுறை வெள்ளைங்க அது."

"தெரியுமுங்க."

அவர் சேரில் உட்கார்ந்து பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டார். கேட்டுக்கு வெளியே அந்த நேரத்திலேயே ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள், நிலக்கடலை வண்டிகூட வந்துவிட்டது. பிறகு அவர், யாரையும் பார்க்காமல், சரி என்று தலையசைத்தார்.

கோகிலா பின்வாசலைக் காலி செய்தாள். நடக்கக் கூட்டிப்போகவில்லை, பக்கத்தில் கொண்டுபோகவில்லை. ராஜாவை ஒரு மூலையில் அவிழ்த்துவிட்டு, எதிர் மூலையில் செவலையை விட்டாள். செவலை அவன் ஒருவன் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல், மூன்று காலில் தத்தித் தத்தி வேப்பமர நிழலுக்குப் போய், அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. ராஜாவின் மயிர் சிலிர்த்தது. செவலை வருவாள் வருவாள் என்று காத்திருந்தான். அவள் வரவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், நான் நூற்றியெட்டு முறை ஓம் சக்தி சொல்லி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், அவள் வரவில்லை. தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னிடம் வராத ஒருவரைப் பார்த்த அந்த நாய், ஒரு காலை முன்னால் வைத்தது. நின்றது. இன்னொரு காலை வைத்தது. சுற்றிச் சுற்றி வளைந்து வளைந்து, ஒரு ஆற்றைத் தாண்டுகிற மாதிரி அந்தப் பின்வாசலைத் தாண்டி, செவலையின் வாலை மோந்தது. செவலை கொட்டாவி விட்டது.

"இப்பப் பாருங்க" என்று கோகிலா வாய்க்குள் சொன்னாள்.

ராஜா பின்னால் துள்ளினான், தானே திகைத்தான், பிறகு முன்னங்கால் இரண்டையும் மடக்கிக் குனிந்து, பின்புறத்தைத் தூக்கி, யாரும் அவனுக்குச் சொல்லித்தராத அந்த வணக்கத்தைச் செய்தான். செவலை எழுந்து மூன்று காலில் ஓடியது. அவன் நாலு காலில் துரத்தினான், அவளை முந்திவிடாமல் துரத்தினான். வேலியில் மோதினார்கள், வேப்பமரத்தைச் சுற்றினார்கள், தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தார்கள். முத்துரத்தினம் ஐயா எழுந்து நின்றிருந்தார், மடியில் இருந்த உறை கீழே விழுந்து, அதிலிருந்து சரிந்த சான்றிதழ்கள் தொட்டித் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தன, அவர் எடுக்கவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டும் படுத்தபோது பார்த்தோம். ராஜாவின் இடது காது, கழுத்து, நெஞ்சு வரைக்கும் செங்கல் நிறம் இறங்கியிருந்தது, கோயில் மதிலில் காவி அடித்த மாதிரி. செவலையின் மூன்று கால்களும் முழங்கால் வரை பால் வெள்ளை.

முத்துரத்தினம் ஐயா பக்கத்தில் போனார். ராஜாவின் கழுத்தில் கட்டைவிரலை வைத்தார். தேய்த்துப் பார்க்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் அந்தச் சிவப்பின் மேல் கையை வைத்து, அப்படியே வைத்திருந்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குங்க அம்மிணி கூட்டிட்டு வரட்டும்?"

"எட்டரைக்குங்க" என்றாள் என் மகள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது நான்தான்.

அவர் ராஜாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. ரோஸியின் வீட்டம்மாவும் அதில் நின்றாள், குனிந்து ராஜாவின் கழுத்தைப் பார்த்தாள், "நல்ல செவப்புங்க" என்றாள், வேண்டாவெறுப்பாகத்தான், ஆனால் சொன்னாள்.

"ஐயா, காரு இங்க நிக்குதுங்களே?" என்று நிலக்கடலைக்காரர் கேட்டார்.

"நிக்கட்டும்" என்றார் முத்துரத்தினம் ஐயா. "பையனை நாலு பேரு பாக்கட்டும்."

அவர் வீடு எங்கள் தெருவிலிருந்து வலது பக்கம், ஐந்து நிமிஷ நடை. அவர் இடது பக்கம் திரும்பினார், கடைவீதி முழுக்கச் சுற்றிக்கொண்டு போகிற வழியில்.